தொட்டிக்குத் தக்க மீனா?

தங்கமீன் வளர்ப்போரிடையே நெடுநாளாய் வழங்கிவரும் கூற்றொன்று உண்டு. மீனானது தான் வாழும் தொட்டியின் அளவுக்கே வளரும் என்பதும், சிறிய கண்ணாடிக் குடுவையில் விட்டால் அதற்கிசையச் சிறிதாகவே நின்றுவிடும் என்பதும், ஆதலால் அதற்குப் பெரிய இடம் தேட வேண்டுவதில்லை என்பதும் அக்கூற்றின் சாரம். மீன் கடைக்காரர் இதனைச் சொல்லிக் குடுவையை விற்கிறார்; வாங்குவோர் இதனைக் கேட்டு மனநிம்மதியுடன் வீடு திரும்புகின்றனர். தோட்டத்திலே ஊறுகாய்ப் போத்தலில் சண்டைமீன் வைத்திருக்கும் சிறுவனைக் கேட்டாலும் இதையே சொல்வான். பலர் பல்லாண்டு சொல்லிவந்த காரணத்தினாலேயே ஒன்று உண்மையாகிவிடாதென்பது இவ்விதழின் நேயர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டிய விஷயமன்று. ஆயினும் இக்கூற்றை முழுப் பொய்யென்று தள்ளிவிடவும் இயலாது. இதிற் பாதி கண்ணாற் கண்ட உண்மை. மற்றப் பாதி, குடுவையை வாங்கினவன் தன் மனத்தைத் தேற்றிக்கொள்ள ஒட்டவைத்தது. எது எந்தப் பாதி என்பதைப் பிரித்தறிய வேண்டுமாயின், மீனுக்கு முன்னே தொட்டியின் சரித்திரத்தை நாம் பார்த்தாதல் வேண்டும்.

தங்கமீனின் தாயகம் சீனதேசம். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்ததும், ஆறுகளிலும் சேற்றுக் குளங்களிலும் வாழ்வதும், மங்கிய சாம்பல் நிறமுடையதுமாகிய ஒரு சாதாரண மீனே அதன் மூதாதை. உணவுக்கென்று சீனர் பிடித்துவந்த அம்மீன் கூட்டத்தில் எப்பொழுதேனும் ஒன்று செம்பொன் நிறத்தோடு பிறப்பதுண்டு. பௌத்தர்கள் உயிர்களை விடுவித்தலைப் புண்ணியமாகக் கொண்டமையால், இத்தகைய அபூர்வ மீன்களைக் கொல்லாது குளங்களில் விட்டனர். பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சுங் அரச வமிசத்தின் தொடக்க காலத்தில், இன்று ஜியாஷிங் எனப்படும் ஊரிலிருந்த பொன்மீன் குளம் பிற்காலத்து நூல்களிற் பெயர்பெற்று விளங்குகின்றது. 1162-இல் முடிதுறந்த கௌஜுங் சக்கரவர்த்தி, ஹாங்ஜௌ நகரத்துத் தம் அரண்மனையில் இம்மீன்களுக்கென்று குளம் வைத்திருந்தார். அந்நாளில் மீன் குளத்தில் நீந்திற்று. மனிதன் கரையில் நின்று பார்த்தான். பார்க்க விரும்பினால் அவன்தான் நடந்துபோக வேண்டும்.

மிங் வமிசத்தார் காலத்தில் இந்நிலை மாறிற்று. குளம் அரசருக்கும் செல்வருக்கும் மடங்களுக்குமே வாய்ப்பது. நகரத்தில் வாழும் குமாஸ்தாவுக்கும் கடைக்காரனுக்கும் ஒரு சிறு முற்றம் உண்டு. அம்முற்றத்தில் ஒரு சாடி வைக்க இடமுண்டு. பதினாறாம் நூற்றாண்டிலே மண்சாடியிலும் பீங்கான் சாடியிலும் தங்கமீன் வளர்க்கும் வழக்கம் ஊரெங்கும் பரவி, 1596-இல் ஜாங் ச்சியென்தெ என்பார் இம்மீன்களைப் பற்றித் தனி நூலொன்றும் இயற்றினார்.

சாடிக்குள் வந்த மீன் என்ன ஆயிற்று? சிறுத்துவிட்டது என்பீர்கள். அது பிறகு. முதலில் நிகழ்ந்தது வேறொன்று. சீன உயிர்நூற் பேராசிரியராகிய சென் ஜென் என்பார் 1956-இல் தங்கமீனின் வரலாற்றை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில் அதனை விளக்கியுள்ளார். குளத்தில் பல மீன்கள் சேர்ந்து வாழ்கையில், வால் இரட்டித்துப் பிறந்ததும், முதுகுத் துடுப்பின்றிப் பிறந்ததும், வயிறு உருண்டு வேகமாய் நீந்த மாட்டாததுமான குஞ்சுகள் உணவுக்குப் போட்டியிட முடியாமல் அழிந்தன. சாடியிலோ அந்தப் போட்டியில்லை. எஜமானன் கையால் இரை போட்டான். குறையுடைய குஞ்சும் பிழைத்தது. பிழைத்ததுமன்றி, சாடி சிறிதாகையால் ஒவ்வொரு மீனும் கண்ணுக்கு அருகில் தனித்தனியே தெரிந்தது. விநோதமாய் இருப்பதைத் தேர்ந்து இணைசேர்க்கவும் முடிந்தது. இன்று நாம் கடைகளிற் காணும் உருண்டை மீன்களும், பிதுங்கிய கண் மீன்களும், தோகைபோல் வால் விரிந்த மீன்களும் இவ்வாறு தோன்றியவையே. சாடியை மேலிருந்து பார்ப்பது வழக்கமாதலின், மேலிருந்து பார்த்தால் அழகாய்த் தெரியும் வடிவங்களே அதிகம் விரும்பப்பெற்றன. ஆகவே தொட்டி மீனை மாற்றும் என்பது ஒருவகையில் மெய்தான். ஆனால் அந்த மாற்றம் பல தலைமுறைகளில், மனிதனுடைய தேர்வினால் நிகழ்ந்தது. ஒரு மீன் தன் ஆயுளுக்குள் குடுவையைப் பார்த்துத் தன் உடலைக் குறைத்துக்கொள்கிறது என்பது முற்றிலும் வேறு கதை.

சாடியைப் பற்றிப் பேசும்போது சாடி செய்தவனை விட்டுவிடுதல் முறையன்று. ஜிங்டேஜென் என்பது அரண்மனைக்குப் பீங்கான் செய்து கொடுத்த ஊர். மீன் விடுவதற்கும் மாளிகை அலங்காரத்துக்குமான பெரிய 'டிராகன் சாடிகள்' அங்கிருந்து வருமாறு மிங் சக்கரவர்த்திகள் கட்டளையிட்டனர். அவற்றின் வாய் சீன அளவில் சுமார் 3 அடி அகலம். உயரம் 2 அடிக்கு மேல். இவ்வளவு பெரிய பாத்திரம் சூளையில் வெடிக்காமலும் கோணாமலும் வேகுதல் அரிது. 1599-இல், வான்லி சக்கரவர்த்தியின் ஆட்சியில், பான் ஷியாங் என்னும் அரண்மனை அதிகாரி அவ்வூருக்கு வந்து தொழிலாளரை நெருக்கினான். சாடிகள் ஒன்றன்பின் ஒன்றாய் வீணாயின. வேலையாட்கள் அடியுண்டனர், பட்டினி கிடந்தனர். தோழர்கள் படும் வதையைக் காணப் பொறாத தொங் பின் என்னும் சூளைத் தொழிலாளி எரிகின்ற சூளையினுள்ளே பாய்ந்து உயிர்விட்டான் என்றும், மறுநாள் சூளையைத் திறந்தபோது சாடி முழுமையாய் இருந்ததென்றும் அவ்வூரார் சொல்லிவந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் அவ்வூர்த் தொழிலாளர் அவ்வதிகாரிக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தது சரித்திரம். தொங் பின்னுக்குக் கோயில் எழுந்தது; காற்றுக்கும் நெருப்புக்கும் உரிய தெய்வமாக அவனை வணங்கலாயினர். பதினெட்டாம் நூற்றாண்டில் சூளைகளின் மேலாளராய் வந்த தாங் யிங் என்பார் அவனுடைய வரலாற்றை எழுதிவைத்ததோடு, பழுதுற்றுக் கிடந்த பழைய டிராகன் சாடியொன்றை அவன் கோயிலருகே கொணர்ந்து வைப்பித்தார்.

மனிதன் விழுந்ததனால் மண் நன்றாய் வெந்ததென்பதை நாம் ஒப்ப வேண்டுவதில்லை. மனிதன் விழுந்தானென்பதை மறக்கவும் வேண்டுவதில்லை. அடித்தவனைத் தண்டிப்பதைவிட இறந்தவனைத் தெய்வமாக்குதல் எளிதென்று அரசாங்கத்தார் எண்ணினர் போலும். நிற்க.

தங்கமீன் ஜப்பானுக்குப் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சென்றது என்பர். ஐரோப்பாவுக்குப் பதினேழாம் நூற்றாண்டிற் கப்பலேறிற்று. ஆங்கிலப் பள்ளியிற் படித்தவர்கள், ஹோரஸ் வால்போல் பிரபுவின் பூனையொன்று தங்கமீனைப் பிடிக்கப் போய்ச் சாடியில் விழுந்து மூழ்கிய கதையைப் பாடப்புத்தகத்திலே கண்டிருப்பர். அது நடந்தது 1747-இல். பூனை மூழ்குமளவுக்கு அந்தச் சாடி பெரிதாயிருந்ததென்பதே நமக்கு வேண்டிய செய்தி. அஃது ஒரு சீனப் பீங்கான் தொட்டி. அதற்குப் பின்னர் வந்த கண்ணாடிக் குடுவையிலோ பூனையின் தலை நுழைந்தாலே அதிசயம்.

கண்ணாடித் தொட்டி மிகுதற்கு இங்கிலாந்தில் ஒரு வரி நீங்க வேண்டியிருந்தது. 1845-இல் கண்ணாடியின் மீதிருந்த தீர்வை எடுக்கப்பட்டபின் கண்ணாடி மலிந்தது. அக்காலத்தில் லண்டனில் மருந்து செய்வோர் சங்கத்து மாளிகையிலே ரசாயன நிபுணராயிருந்தவர் ராபர்ட் வாரிங்டன் என்பவர். மீன் வெளியிடும் கெட்ட வாயுவைச் செடி உண்ணும், செடி வெளியிடும் பிராணவாயுவை மீன் சுவாசிக்கும் என்னும் தத்துவத்தைப் பாத்திரத்திலே நிலைநாட்ட எண்ணி, 12 காலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரமொன்றில் பாதியளவு ஊற்றுநீர் நிரப்பி, நீர்ச்செடி நட்டு, சிறிய தங்கமீன்கள் இரண்டை விட்டார். செடியின் இலைகள் அழுகி நீர் கலங்கலாயிற்று. அழுகலைத் தின்னும் குளத்து நத்தைகள் சிலவற்றைப் பிடித்துவந்து விட்டார், நீர் தெளிந்தது. 1850-இல் ரசாயன சங்கத்தார் முன்னிலையில் இதனை வெளியிட்டார். 1853-இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன்களுக்கென்று ஒரு கண்ணாடி வீடு திறக்கப்பட்டது. 1854-இல் பிலிப் ஹென்றி காஸ் என்பவர் எழுதிய நூலினால் மீன்தொட்டி வைத்தல் நடுத்தர வகுப்பினரிடையே ஒரு மோகமாகவே ஆயிற்று.

தோட்டத்துக் கிராணிக்கு எதைக் கண்டாலும் கணக்குப் பார்க்கும் புத்தி போவதில்லை. 12 காலன் பாத்திரத்தில் பாதியென்றால் 6 காலன். அஃதாவது 27 லிட்டர் நீர். சிறிய மீன்கள் இரண்டே. ஒரு மீனுக்குச் சுமார் 13½ லிட்டர். செடியும் நத்தையும் அவற்றுக்கு மேல். தொட்டிக்குள் இயற்கையையே அமைத்துவிட்டேன் என்று உலகுக்கு முதலில் அறிவித்த ரசாயன நிபுணரே இவ்வளவு கொடுத்தார். இன்று கடையில் விற்கும் உருண்டைக் குடுவை 3 அல்லது 4 லிட்டர் கொள்ளும். அதிலே செடியுமில்லை, நத்தையுமில்லை. வாரிங்டனுடைய தத்துவத்தை விட்டுவிட்டு அவருடைய கண்ணாடியை மாத்திரம் உலகம் எடுத்துக்கொண்டது.

இனி, மீன் சிறுத்துப்போகும் விஷயத்துக்கு வருவோம். இதனை முறையாய்ப் பரிசோதிக்க முற்பட்டவர் மீனை எடுத்துக்கொள்ளவில்லை, நத்தையை எடுத்துக்கொண்டார். வாரிங்டன் தம் பாத்திரத்தைத் தூய்மை செய்ய விட்ட அதே குளத்து நத்தை. ஜெர்மனியில் வூர்ட்ஸ்புர்க் சர்வகலாசாலையிலிருந்த கார்ல் ஸெம்பர், ஒரே முட்டைத் தொகுதியிலிருந்து வந்த குஞ்சுகளை வெவ்வேறளவு நீரில் வளர்த்தார். உணவு எல்லாவற்றுக்கும் தாராளமாகவே கிடைத்தது. ஆயினும் நீர் குறைந்த பாத்திரத்து நத்தைகளின் ஓடு குறுகி நின்றது. நீர் மிகுந்த பாத்திரத்தில் ஓடு நீண்டது. நீரிலே கண்ணுக்குப் புலனாகாத ஏதோ ஒரு சத்து இருக்கிறதென்றும், ஒவ்வொன்றுக்கும் அது போதிய அளவு கிடைக்கவேண்டுமென்றும் அவர் கருதினார். பிரான்ஸ் தேசத்து ஹென்றி த வாரிஞ்ஞி 1894-இல் இதனை மறுத்து, நீரின் கன அளவைவிட, அசைந்து திரிவதற்குரிய பரப்பே காரணமென்றார். இவ்விருவரும் கண்ட பயன் ஒன்றே. கூறிய காரணம் வேறு. உலகத்தார் பயனை மட்டும் கேட்டுக்கொண்டு, 'பாத்திரத்துக்குத் தக்க பிராணி' என்று முடிவுகட்டினர். காரணம் யாதென்று கேட்பவரே இல்லை.

1930-களில் அமெரிக்காவிலே சிக்காகோ சர்வகலாசாலையில் டபிள்யூ. ஸி. ஆலீ என்பவரும் அவருடைய தோழர்களும் தங்கமீன்களையே வைத்துப் பரிசோதித்தனர். அவர்கள் கண்டது எதிர்பாராதது. மற்றத் தங்கமீன்கள் சிறிதுகாலம் இருந்த நீரில் விடப்பட்ட குஞ்சுகள், புத்தம் புதிய தூய நீரில் விடப்பட்டவற்றைக் காட்டிலும் நன்றாக வளர்ந்தன. முன்னிருந்த மீன்கள் கக்கிய உணவுத் துணுக்குகள் நீரிற் கலந்திருந்தது இதற்கு ஒரு காரணமாகக் காணப்பட்டது. ஆகவே தனிமையும் தூய நீருமே எல்லாமென்று சொல்வதற்கில்லை. மீனுக்குத் துணையும் ஓரளவு வேண்டியதே. நெருக்கடி வேறு, துணை வேறு. லயத்திலே வாழ்ந்தவர்களுக்கு இந்த வேற்றுமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

ஸெம்பர் தேடிய 'ஏதோ ஒன்று' பிற்காலத்தில் பலவாகப் பிரிந்தது. நெரிந்த நீரில் மீன்களே வெளியிடும் வளர்ச்சித் தடைப் பொருள் உண்டென்ற அறிக்கைகள் 1970-களில் வெளியாயின. ஆனால் வீட்டுத் தொட்டியைப் பொறுத்தவரை அவ்வளவு தொலைவு போக வேண்டுவதில்லை. மீன் தன் கழிவின் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே நீரில் விடுகிறது. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. மண்ணிலும் நீரிலும் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்நுண்ணுயிர்களைச் சுமார் 1890-இல் பிரித்தறிந்தவர் ருஷ்யராகிய வினோகிராட்ஸ்கி. நைட்ரைட்டும் நஞ்சே, நைட்ரேட்டு அவ்வளவு கொடியதன்று. குளத்திலே இவ்வேலை தானே நடைபெறும். செடிகளும் பங்கு கொள்ளும். புதிதாய் வாங்கிய குடுவையிலோ அந்நுண்ணுயிர்கள் இன்னும் குடியேறியே இரா. ஒரே மீன், ஒரே நாள், ஒரே அளவு கழிவு: 4 லிட்டர் குடுவையில் அது 100 லிட்டர் தொட்டியிலிருப்பதைப்போல் 25 மடங்கு செறிவாய் நிற்கும். இதற்குப் பெரிய கல்வி வேண்டாம். பால் நிறுப்பவருக்குத் தெரிந்த கணக்கே.

இரண்டாவது, மூச்சு. நீருக்குப் பிராணவாயு பெரும்பாலும் மேற்பரப்பின் வழியாக வருகிறது. 24 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டைக் குடுவையைப் பாதி நிரப்பினால் நீரின் மேற்பரப்பு சுமார் 452 சதுர சென்டிமீட்டர். அழகுக்காக அதனைக் கழுத்துவரை நிரப்பி, மேல் வட்டம் 14 சென்டிமீட்டராகக் குறுகினால், பரப்பு சுமார் 154 ஆகிவிடும். நீரைக் கூட்டினோம், காற்றை மூன்றிலொன்றாகக் குறைத்தோம். மேலும் நம்முடைய நாடு வெப்ப நாடு. 10 பாகை குளிருள்ள நீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 பாகையில் ஏறக்குறைய 7½ மில்லிகிராமே தாங்கும். நீர் சூடேறச் சூடேற மீனுக்கு வேண்டிய பிராணவாயுவோ மிகும். வெப்பம் ஏறினால் அம்மோனியாவின் நஞ்சும் மிகும். தங்கமீனோ குளிர்நாட்டு நீருக்குரியது. சீனாவிலும் இங்கிலாந்திலும் பிழைத்த குடுவை நம் ஊரில் ஏன் வாரந்தோறும் ஒரு மீனைப் பலிகொள்கிறது என்று வியப்போர்க்கு இதுவே விடை.

ஆகவே மீன் குடுவையை அளந்து பார்த்துத் தன் உடலை அடக்கிக்கொள்வதில்லை. நஞ்சு ஏறிய நீரும், குறைந்த மூச்சும், அடங்காத அச்சமும், சில வேளைகளில் வீட்டுக்காரர் இடும் குறைந்த இரையும் ஒன்று சேர்ந்து அதன் வளர்ச்சியைத் தடுக்கின்றன. நோயாளிப் பிள்ளை மெலிந்து நிற்பதைக் கண்டு, 'கட்டிலுக்கு ஏற்ற உடம்பு' என்று எவரும் மகிழ்வதில்லை. வெளியுடல் நின்றுவிட உள்ளுறுப்புகள் மட்டும் வளர்ந்து மீனை வெடிக்கச் செய்யும் என்று எதிர்க்கட்சியார் சிலர் அச்சுறுத்துவதுண்டு. அதற்கும் ஆதாரமில்லை. ஒரு பொய்யை ஒழிக்க மற்றொரு பொய்யைக் கொணர்தல் நமக்கு உதவாது.

சிறுத்த மீன் என்றைக்கும் சிறுத்தே கிடக்குமோ? ஆந்திர தேசத்துக் கெண்டை வளர்ப்போர் இதற்கு நடைமுறையிலேயே விடை கண்டுள்ளனர். குஞ்சுகளைச் சிறு குளங்களில் நெருக்கமாக விட்டு, இரையையும் அளவாகவே கொடுத்து, பல மாதம் வளரவிடாமல் நிறுத்திவைப்பர். பிறகு பெருங்குளத்தில் விட்டு நன்றாய் இரையிட்டால், அம்மீன்கள் இழந்த வளர்ச்சியை ஈடுசெய்வதுபோல் விரைந்து பருக்கின்றன. இது வியாபார முறை. ஆயினும் நெருக்கத்தில் நின்றது மீனின் இயற்கையன்று, நிறுத்திவைக்கப்பட்டதே என்பதை இது காட்டிவிடுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் வாஸ் என்னும் ஆற்றிலே, வீட்டுத் தொட்டிகளிலிருந்து விடப்பட்ட தங்கமீன்கள் பெருகி, ஒன்று 1.9 கிலோகிராம் எடைவரை வளர்ந்திருந்ததை 2016-ஐ ஒட்டி அந்நாட்டு ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். ஆற்றுக்கு அது பெருங்கேடு. தொட்டி மீனை ஆற்றிலும் ஈயக்குட்டையிலும் விடுவது புண்ணியமுமன்று. குடுவைக் கொள்கைக்கு அதனினும் பெரிய கேடு.

வளர்ச்சியை அங்குலக் கோலால் அளக்கலாம். நலத்தை எதனால் அளப்பது? நம் நாட்டிலே மூன்று மீன்களைக் கொண்டு இதனைச் சிந்திக்கலாம். சயாம் நாட்டுச் சண்டைமீன் வயல்களிலும் புல் மண்டிய சதுப்புகளிலும் வாழ்வது. மேற்காற்றை விழுங்கிச் சுவாசிக்கத்தக்க உறுப்பொன்று அதன் தலையில் உண்டு. ஆதலால் தேங்கிய நீரிலும் மூச்சு முட்டாமல் பிழைக்கும். இதைக் கண்டே, அதற்குப் போத்தல் போதுமென்று முடிவு செய்துவிட்டனர். போத்தலில் அது சாகாமலிருப்பது அதன் உடலமைப்பின் திறமை, போத்தலின் சிறப்பன்று. மூச்சுக்கு வழியிருந்தாலும் அம்மோனியாவிலிருந்து தப்ப அதற்கு வழியில்லை. ஆண் மீன்கள் ஒன்றையொன்று கொல்லுமாகையால் பிரித்து வைக்க வேண்டியது உண்மையே. பிரித்து வைத்தல் வேறு, நெருக்கி வைத்தல் வேறு.

இரண்டாவது, கெலிசா என்று மலாய்க்காரரும், டிராகன் மீன் என்று சீனரும் வழங்கும் பெருமீன். பேராக்கிலுள்ள புக்கிட் மேரா ஏரியின் பொன்னிறக் கெலிசா பெயர்பெற்றது. அழியும் தறுவாயிலுள்ள உயிரென்று 1975 முதல் அதன் சர்வதேச வியாபாரம் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது; அனுமதி பெற்ற பண்ணைகளிற் பிறந்தவையே விற்கப்படலாம். ஐசுவரியம் வருமென்று நம்பி இதனை ஆயிரக்கணக்கில் விலைகொடுத்து வாங்குவோர் உளர். மூன்றடிவரை நீளக்கூடிய மீனை இரண்டடி அகலத் தொட்டியில் வைத்தால், அது உடலை வளைக்காமல் திரும்புவதெங்ஙனம்? ஐசுவரியத்துக்கு விலை கொடுத்தவர் அகலத்துக்கு மட்டும் கணக்குப் பார்க்கிறார்.

மூன்றாவது, நெற்றி புடைத்த 'லுவோ ஹான்' மீன். இது இயற்கையிலில்லை, 1990-களில் மலேசியாவிலேயே மத்திய அமெரிக்க மீனினங்களைக் கலந்து உண்டாக்கப்பட்டது. தொட்டியில் எதை விட்டாலும் கடிப்பது இதன் குணமென்று சொல்வர். குணமா, இடமா? இதற்கு உறவான மைடாஸ் என்னும் நிக்கராகுவா மீனை 2011-இல் அமெரிக்காவில் ரானல்ட் ஓல்ட்பீல்ட் என்பார் வெவ்வேறளவுள்ள தொட்டிகளில் வைத்து ஆராய்ந்தார். தொட்டியைச் சிறிதளவு பெரிதாக்கியதால் சண்டை குறையவில்லை. மிகப் பெரிதாக்கி, மறைவிடங்களும் அமைத்தபோதே குறைந்தது. இதனைக் குடுவைக் கட்சியார் தமக்குச் சாதகமாகக் கொள்ளக்கூடும். சிறிது கூட்டிப் பயனில்லையாயின் கூட்டுவானேன் என்பர். பயனில்லாதது கூட்டியதன்று, சிறிதாய்க் கூட்டியது.

நேர்மையாய்ச் சொல்வதாயின், எதிர்ச்சாட்சியும் ஒன்று உண்டு. 1956-இல் இங்கிலாந்தில் ஒரு பொருட்காட்சிச் சந்தையிற் பரிசாகக் கிடைத்த தங்கமீனொன்று, குளத்தைக் காணாமல் வீட்டுக்குள்ளேயே 43 ஆண்டு வாழ்ந்து 1999-இல் இறந்து, உலகச் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது. இதை எடுத்துக்காட்டிச் சிறிய இடமே போதுமென்பார் உளர். நூறு வயது வாழ்ந்த சுருட்டுப் பிரியரை எல்லா ஊரிலும் காட்டலாம். நாள்தோறும் நீர் மாற்றி, அளவாய் இரையிட்டுப் பேணும் கை வாய்த்தால் குடுவை மீனும் நெடுநாள் வாழும். ஆனால் அப்புத்தகத்தில் இடம்பெற்றது ஒரு மீனே. அதே சந்தைகளிற் பையில் கட்டிக் கொடுக்கப்பட்டு அந்த வாரமே இறந்தவற்றுக்குப் புத்தகமில்லை.

அண்மைக் காலத்தில் சில அரசாங்கங்கள் இவ்விஷயத்தைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டுள்ளன. இத்தாலியில் மொன்ஸா நகரசபையார் 2004-இலும், ரோமாபுரி நகரசபையார் 2005-இலும் தங்கமீனை உருண்டைக் குடுவையில் வைத்தலைத் தடை செய்தனர். ஏளனம் செய்தவர்கள் பலர். மனிதருக்கே வீடில்லாதபோது மீனுக்குச் சட்டமா என்றனர். சுவிட்ஸர்லாந்தில் 2008-இல் நடைமுறைக்கு வந்த பிராணி பாதுகாப்பு விதிகள் தொட்டியின் அளவோடு நிற்கவில்லை. மீன் தொட்டி எல்லாப் பக்கங்களிலிருந்தும் பார்க்கத்தக்கதாய் இருத்தல் கூடாதென்றும் அவ்விதிகள் கூறுகின்றன. கண்ணாடி மலிந்த நாள் முதல், நான்கு புறமும் தெரிய வேண்டுமென்றே மனிதன் தொட்டி செய்துவந்தான். அந்நாட்டில் இப்பொழுது அவன் ஒரு பக்கத்தையேனும் மூடி வைக்க வேண்டும்.